அத்தியாயம் 7: பதிந்த நிகழ்ச்சியைப் பெட்டியிலிருந்து கணினிக்குக் கொண்டுவருவது

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய உலக மரபுக் குழு, மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராட்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று நம் செஞ்சி. அந்தச் செய்தியை நீங்கள் டிவியிலிருந்து பதிந்து வைத்திருக்கலாம். சிங்கவரத்துக்காரர் என்றால், வைகுண்ட ஏகாதசி விடியலில் ஸ்ரீரங்கத்துப் பரமபத வாசல் திறக்கும் நேரலையைப் பதிந்திருப்பீர்கள். மலைமேல் பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் ஊரில் அதற்குத் தனி ஈர்ப்பு உண்டு. வீட்டுப் பிள்ளை ஏதாவது நிகழ்ச்சியில் இரண்டு நிமிடம் தலைகாட்டியிருந்தால் அதுவும் பெட்டிக்குள் இருக்கும்.

பெட்டிக்குள்ளேயே இருக்கும் பதிவுக்கு ஆயுள் குறைவு. பெட்டி பழுதானாலும், சந்தா நின்றாலும், ஆள் வந்து புதுப்பெட்டி மாட்டிவிட்டுப் பழையதை எடுத்துப்போனாலும் பதிவும் கூடவே போய்விடும். கணினிக்கு மாற்றி இரண்டு இடத்தில் வைத்தால்தான் பத்து வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்க முடியும்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. கடைத்தெருவில் போய் டிவிஆர் என்று கேட்டால் சிசிடிவி கேமராவின் பெட்டியைத்தான் காட்டுவார்கள். இந்த அத்தியாயம் பேசுவது டிவி நிகழ்ச்சியைப் பதியும் செட்டாப் பாக்ஸைப் பற்றி. கேமராப் பெட்டியின் கோப்பு வேறு வகை, அதற்கான மென்பொருளும் வேறு.

பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்

எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிப் பதிவதில்லை. கட்டண டிடிஎச் பெட்டிகளும் கேபிள் பெட்டிகளும் நிகழ்ச்சியைப் பூட்டிப் பதிகின்றன. பூட்டின் சாவி அந்தப் பெட்டிக்குள், பெரும்பாலும் அதன் அட்டையோடு சேர்ந்து, இருக்கிறது. டாடா ஸ்கை 2008-இல் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க் பெட்டியும் இந்த வகைதான். 2015-இல் அதே நிறுவனம் பதிவைக் கைப்பேசிக்கு மாற்றித் தரும் பெட்டி ஒன்றை விற்றது. அதிலும் நிகழ்ச்சி நிறுவனத்தின் செயலியைத் தாண்டி வெளியே வராது. அமெரிக்காவில் 1999-இல் வந்த டிவோ பெட்டிக்காரர்கள், 2005-இல் வீட்டு வலையமைப்பு வழியாகக் கணினிக்கே கோப்பை அனுப்பும் வசதியைக் கொடுத்தார்கள். அங்கே உள்ளவர்களுக்காக எழுதிய குறிப்புகளை வைத்துக்கொண்டு இங்கே முயன்றால் நாள்தான் வீணாகும்.

தூர்தர்ஷனின் இலவச டிஷ், அதாவது டிடி ஃப்ரீ டிஷ், வேறு மாதிரி. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. பூட்டில்லாமல் வரும் சேனலைச் சாதாரண இலவச டிஷ் பெட்டி பென்டிரைவில் பதிந்தால், கோப்பும் பூட்டில்லாமல்தான் இருக்கும். 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயர் போய் டிடி தமிழ் ஆன சேனலும் இதில் சேரும்.

உங்கள் பெட்டி எந்த வகை என்று தெரியவில்லை என்றால் இரண்டு நிமிடம் ஏதாவது ஒரு சேனலைப் பதியுங்கள். பென்டிரைவைக் கணினியில் செருகி, கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள். படம் ஓடினால் பூட்டில்லை. நேரம் மட்டும் ஓடித் திரை கறுப்பாக இருந்தால், அல்லது கட்டம் கட்டமாகக் குப்பை தெரிந்தால், பூட்டு இருக்கிறது. கல்யாண நாள் நேரலையைப் பதிந்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பெட்டி வாங்கிய வாரமே செய்துவிடுங்கள்.

சில பெட்டிகளின் டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸ், ஃபார்மட் செய்யவேண்டும் என்று சொல்லும். ஒருபோதும் சரி என்று அழுத்தாதீர்கள். பெட்டி லினக்ஸ் முறையில் டிஸ்க்கை அமைத்திருக்கும், விண்டோஸுக்கு அது புரியவில்லை, விஷயம் அவ்வளவுதான். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸில் துவக்கினால் அந்த டிஸ்க் திறக்க வாய்ப்பு உண்டு. திறந்த பிறகும் கோப்பு பூட்டியதாக இருந்தால், கீழே சொல்லும் ஏவி வழிதான் மிச்சம்.

பூட்டில்லாத பெட்டி

பதிவு நன்றாக இருந்தால்தான் மாற்றிப் பயன். ஆகவே மொட்டை மாடியிலிருந்து தொடங்கவேண்டும். ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அது கிழக்கே 93.5 பாகையில் நிற்கிறது. செஞ்சிப் பகுதியிலிருந்து கணக்கிட்டால் தென்கிழக்கு திசை, ஏற்றம் ஏறக்குறைய 68 பாகை. கிட்டத்தட்ட தலைக்குமேலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தட்டின் வடிவத்தால் பார்வைக்கு அவ்வளவு நிமிர்ந்து தெரியாது, அதைக் கண்டு குழம்ப வேண்டாம். மலையடிவாரத்தில் வீடு இருக்கிறதே, மலை மறைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. இவ்வளவு உயரமான கோணத்தில் மலை மறைப்பது அரிது. மறைப்பது பக்கத்துத் தோட்டத்துத் தென்னையும் புளியமரமும்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் சிக்னல் விழுந்தால் பதிவில் கட்டங்கள் சிதறும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

அடுத்தது நேரம். விடியற்காலை நிகழ்ச்சிக்கு எழுந்திருக்க முடியாதவர்கள் டைமர் வைப்பார்கள், காலையில் பார்த்தால் ஒன்றும் பதிந்திருக்காது. பல நேரம் பெட்டியின் கடிகாரம்தான் காரணம். செயற்கைக்கோள் வழியாக வருவது உலக நேரம். பெட்டியின் அமைப்பில் நேர மண்டலத்தை +5:30 என்று வைக்காவிட்டால், நம் காலை 4:30 அதற்கு முந்தின இரவு 11 மணி. 4:30-க்கு வைத்த டைமர் காலை 10 மணிக்கு விழித்துக்கொண்டு யாரோ சமைப்பதைப் பதிந்து வைக்கும். அத்துடன் தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் முடிவில் பதினைந்து நிமிடமும் கூட்டியே வையுங்கள். கோயில் நேரலை எதுவும் சொன்ன நேரத்தில் முடிவதில்லை.

பென்டிரைவைப் பொறுத்தவரை, சாதாரணத் தரச் சேனல் நொடிக்கு 3 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி ஆகும். 16 ஜிபி பென்டிரைவ் பதினோரு மணி நேரம் கொள்ளும். பெரிய ஹார்ட் டிஸ்க்கை நேராகப் பெட்டியில் மாட்டினால் சுழலத் தேவையான மின்சாரம் கிடைக்காமல் டிக் டிக் என்று நிற்கலாம். பென்டிரைவே போதும். பதியத் தொடங்கும் முன் அதைப் பெட்டியிலேயே ஃபார்மட் செய்துவிடுங்கள்.

பதிந்து முடித்ததும் பென்டிரைவை அப்படியே பிடுங்காமல், பதிவை நிறுத்தி, பெட்டியை அணைத்து, பிறகு எடுங்கள். கணினியில் திறந்தால் சில பெட்டிகளில் நேராக டி.எஸ். கோப்பு தெரியும். அலி நிறுவனச் சிப்பு உள்ள பெட்டிகளில் ‘அலிடிவிஆர்எஸ்2’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் தேதியோ சேனல் பெயரோ கொண்ட ஃபோல்டர்கள், அவற்றுக்குள் 000, 001 என்று கோப்புகள் இருக்கும். அந்த எண் கோப்புகள்தான் நிகழ்ச்சி. கூடவே இருக்கும் சின்னக் கோப்பு பெட்டி தனக்காக எழுதிவைத்த குறிப்பு, கணினிக்கு அது வேண்டாம். எண் கோப்பின் வால் டிவிஆர் என்று இருந்தால் அதை டி.எஸ். என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் விஎல்சியில் ஓடிவிடும்.

ஒரே நிகழ்ச்சி ஏன் துண்டு துண்டாக இருக்கிறது என்று கேட்கலாம். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. தாண்டும்போது பெட்டி அடுத்த கோப்பைத் தொடங்கும், சில பெட்டிகள் இன்னும் முன்னதாகவே வெட்டிவிடும். எல்லாத் துண்டுகளையும் கணினிக்கு நகலெடுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், நகல் எடுங்கள். கணினியில் கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகு பென்டிரைவைக் காலி செய்தால் போதும்.

டி.எஸ். கோப்பை விஎல்சியில் முன்னும் பின்னும் இழுத்தால் தடுமாறும், மொத்த நேரம் தப்பாகக் காட்டும். பயப்பட ஒன்றுமில்லை. ஒளிபரப்புக்காக உருவான வடிவம் அது. நிகழ்ச்சியை 188 பைட் பொட்டலங்களாக்கி அனுப்புகிறது. யார் எப்போது டிவியைப் போட்டாலும் அந்த நொடியிலிருந்து படம் வரவேண்டும் என்பதால் தொடக்கம், முடிவு, பொருளடக்கம் எதுவும் அதற்கு இல்லை. இதில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. பாதியில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது பிழைத்துக்கொள்ளும். எம்பி4 கோப்பாக இருந்தால் முடிவில் எழுதவேண்டிய பொருளடக்கத்தை எழுத முடியாமல், முழுக் கோப்பும் திறக்காமல் போய்விடும்.

துண்டுகளைச் சேர்க்கவும் விளம்பரத்தை வெட்டவும் நான் பரிந்துரைப்பது லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள். படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே வெட்டுகிறது, ஆகவே தரம் ஒரு துளியும் குறையாது, ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குச் சில நிமிடங்களே ஆகும். வெட்டும் இடம் நீங்கள் குறித்த நொடிக்குச் சற்று முன்னே பின்னே போகலாம். விளம்பரத்தின் கடைசி அரை நொடி ஒட்டிக்கொண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியீட்டு வடிவமாக எம்கேவி என்பதைத் தேர்ந்தெடுத்தால், இழுக்கும்போது தடுமாறும் தொல்லையும் தீரும்.

பூட்டிய பெட்டி

பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று சொல்லும் மென்பொருள்களை நம்பாதீர்கள். பெரும்பாலானவை கணினிக்கு வைரஸைத்தான் கொண்டுவரும். எச்டிஎம்ஐ வயரைப் பதிவுக் கருவியில் செருகினாலும் எச்டிசிபி என்ற காப்பு குறுக்கே நிற்கும், திரை கறுப்பாகிவிடும். மிச்சமிருப்பது பெட்டியின் பின்னால் இருக்கும் பழைய ஏவி வாய். மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று வயர். பெட்டி தன் பதிவைத் தானே ஓட்டும், அதை டிவிக்குப் பதில் கணினி வாங்கிக்கொள்ளும்.

இதற்கு யுஎஸ்பி வீடியோ கேப்சர் என்ற விரல் நீளக் கருவி தேவை. ஈஸிகேப் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அந்தப் பெயரில் பல போலிகள் விற்கின்றன, உள்ளே இருக்கும் சிப்பும் ஆளுக்கு ஒன்று. வாங்கும் கடையிலேயே ஒரு மடிக்கணினியில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியின் ஏவி வாய் சின்ன வட்டத் துளையாக இருந்தால் இன்னொரு சிக்கல். அந்தத் துளைக்கான வயரில் எந்தக் கம்பி எந்த நிறத்துக்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். படம் வராமல் காதில் கிர்ரென்று சத்தம் மட்டும் கேட்டால் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

கணினியில் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். வீடியோ கேப்சர் டிவைஸ் என்பதைச் சேர்த்து, கருவியைத் தேர்ந்து, பால் (PAL) என்ற டிவி முறை, 720-க்கு 576, நொடிக்கு 25 சட்டகம் என்று வையுங்கள். என்டிஎஸ்சி என்ற வேறு முறையில் விட்டுவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். ஒலிக்கும் அதே கருவியைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். இதை மறந்தால் நிகழ்ச்சி ஊமைப்படமாகப் பதியும், அல்லது மடிக்கணினியின் மைக் வழியாக உங்கள் வீட்டுக் குக்கர் விசிலோடு பதியும். யாராவது கை வீசி ஆடும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால், மூலத்தின் மேல் வலது சொடுக்கு செய்து டீஇன்டர்லேஸ் என்பதில் யாடிஃப் வகையை எடுங்கள்.

பதிவு வடிவம் கட்டாயம் எம்கேவி. கரண்ட் போனால் நிலைமை என்ன என்று மேலே சொன்னேன். எம்பி4 வேண்டும் என்றால், முடிந்த பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ஃபைல் பட்டியலில் இருக்கும் ரீமக்ஸ் வசதியால் மாற்றலாம்.

இந்த வழியில் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. உயர்தரச் சேனலைப் பதிந்திருந்தாலும் வெளியே வருவது சாதாரணத் தரம்தான். ஐம்பது மணி நேரத் தொடர் நாடகத்தை இப்படி மாற்ற உட்காருவது வீண்வேலை. திரும்பக் கிடைக்காத இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் அந்தச் சேனலின் யூடியூப் பக்கத்தில் நிகழ்ச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

உள்ளூர் கேபிளில் வந்தது

மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சலோ உங்கள் தெருக்கூத்தோ உள்ளூர் கேபிளில் வந்திருந்தால், பெட்டியிலிருந்து எடுக்க மல்லுக்கட்ட வேண்டாம். கேபிள்காரர் அதை ஏதோ ஒரு கணினியிலிருந்துதான் ஓட்டியிருப்பார். ஒரு காலி பென்டிரைவோடு போய், “அண்ணே, அந்த வீடியோவை இதுல போட்டுத் தாங்க” என்று கேளுங்கள். படம் பிடித்த வீடியோகிராபர் யார் என்று அவருக்கே தெரியும், அவரிடம் இன்னும் நல்ல நகல் கிடைக்கும். தாமதிக்காமல் கேட்பது முக்கியம். டிஸ்க் நிறைந்தால் முதலில் அழிபடுவது போன வருடத் திருவிழாதான்.

சட்டம்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 37-ஆம் பிரிவில் ஒளிபரப்பாளருக்கு 25 ஆண்டு உரிமை தருகிறது. 39-ஆம் பிரிவு, தன் சொந்தப் பயனுக்காக ஒருவர் ஒளிபரப்பைப் பதிவதை அந்த உரிமையை மீறியதாகக் கருதாது. பாடம் நடத்தவும் ஆராய்ச்சிக்கும் பதிவது இதே பிரிவில் அடங்கும். 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் என்கிறது. அமெரிக்காவில், வீட்டில் பதிவது சரியா என்ற கேள்வி சோனியின் பீட்டாமேக்ஸ் கருவியை வைத்து உச்ச நீதிமன்றம்வரை போய், 1984-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வீட்டுப் பதிவுக்குச் சாதகமாக முடிந்தது. நமக்குத் தேவையானது இவ்வளவுதான்: வீட்டில் வைத்துப் பாருங்கள். யூடியூபில் ஏற்றாதீர்கள், டிஸ்க் போட்டு விற்காதீர்கள், ஊர்க் குழுவில் முழுப்படத்தை அனுப்பாதீர்கள்.

சுருக்குவதும் வைப்பதும்

இடம் இருந்தால் சுருக்காதீர்கள். 1.35 ஜிபியை 600 எம்பி ஆக்கி என்ன சாதிக்கப் போகிறோம்? கைப்பேசியில் பார்க்கவோ வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பவோ சின்னக் கோப்பு வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ‘ஃபாஸ்ட் 576பி25’ என்ற தயார் அமைப்பைத் தேர்ந்து ஒரு நகல் எடுங்கள். மூலக் கோப்பை அழிக்கவேண்டாம். விளக்கொளியில் எடுத்த கருவறைக் காட்சி, இரவுக் கூத்து போன்ற இருண்ட படங்கள் சுருக்கும்போது முதலில் கெடும். நிழல் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் கட்டங்கள் நெளியும். அவற்றுக்கு ஆர்எஃப் எண்ணை 18-க்குக் கொண்டுவாருங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். பழைய நிகழ்ச்சிகளில் ஆட்கள் திடீரென்று குண்டாகத் தெரிந்தால், 4:3 படத்தை மென்பொருள் அகலத் திரைக்கு இழுத்துவிட்டது என்று பொருள். அனமார்ஃபிக் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்று விட்டால் சரியாகிவிடும்.

பெயர் வைக்கும்போது தேதியை முன்னால் போடுங்கள்: 2025-07-12 செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ செய்தி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருந்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். தமிழிலேயே பெயர் வைக்கலாம், இன்றைய கணினிகளுக்கு அதில் தடையில்லை. சேனல் பெயரையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

பென்டிரைவில் விட்டுவைப்பதைச் சேமிப்பு என்று எண்ணாதீர்கள். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. தம்பி வீட்டிலோ மகள் வீட்டிலோ ஒரு டிஸ்க் இருக்கட்டும். ஆடிக்கொருமுறை அதைச் செருகித் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சந்தாவை நிறுத்தவோ பெட்டியை மாற்றவோ நினைத்திருப்பவர்கள், ஆளுக்குச் சொல்லி அனுப்பும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். சந்தா நின்றபின் பூட்டிய பதிவு அந்தப் பெட்டியிலேயே திறக்காமல் போகலாம், கழற்றிக்கொண்டு போன பெட்டி பெரும்பாலும் அதே நிலையில் வீடு திரும்பாது.